22 சென்ட் நிலம்... அகதியும் ஊர்க்காரரும் சேர்ந்து விதைக்கும் உகாண்டா!

நீளம் 30 மீட்டர், அகலம் 30 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சுமார் 22 சென்ட். இந்த இடத்துக்குள் ஒரு குடும்பம் குடிசை போட வேண்டும், கழிப்பறை கட்ட வேண்டும், அடுப்பு மூட்ட இடம் ஒதுக்க வேண்டும். மிச்சமிருக்கும் மண்ணில் சாப்பாட்டுக்குப் பயிரும் வைக்க வேண்டும்.

கிழக்கு ஆப்பிரிக்க நாடான உகாண்டாவில், போருக்குத் தப்பி எல்லை தாண்டி வந்த குடும்பங்களுக்கு பிடிபிடி குடியிருப்பில் அளந்து கொடுக்கப்பட்ட நிலம் இவ்வளவுதான். பக்கத்துக் கிராமத்து விவசாயிக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதல் நிலம் இருக்கலாம். ஆனால் அவரும் வானம் பார்த்த பூமியைத்தான் நம்பியிருக்கிறார். அவர் கையிலும் மண்வெட்டிதான். வந்தவரும் ஏழை, இடம் கொடுத்தவரும் ஏழை. இரண்டு வீட்டு அடுப்பும் ஒரே மண்ணை நம்பி எரிய வேண்டும்.

இது எப்படி நடக்கிறது? எங்கே இடிக்கிறது? வெளிநாட்டு உதவி வேகமாகக் குறைந்துவரும் இந்த நேரத்தில், உகாண்டாவின் அனுபவத்தை உலகமே உற்றுப் பார்க்கிறது.

வேலி இல்லாத முகாம்

'அகதி முகாம்' என்றதும் முள்வேலி, வாசலில் காவலர், வருகைப் பதிவேடு என்று ஒரு காட்சி நம் மனதில் வரும். தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்கள் வாழும் முகாம்கள் இங்கே பல மாவட்டங்களில் இருக்கின்றன. 2021-ல் அவற்றின் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது. ஆனால் அகதிகளுக்கென்று தனிச்சட்டம் இந்தியாவில் இன்றுவரை இல்லை.

உகாண்டாவில் 2006-ல் இயற்றப்பட்ட அகதிகள் சட்டம் இருக்கிறது. 2010-ல் அதற்கான விதிமுறைகளும் வந்தன. அகதியாகப் பதிவு செய்தவர் வேலைக்குப் போகலாம், கடை வைக்கலாம், நாட்டுக்குள் பயணம் செய்யலாம். பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியிலேயே படிக்கலாம். குடியிருப்புப் பகுதிக்குப் போனால் வீடு கட்டவும் பயிரிடவும் ஒரு துண்டு நிலம் உண்டு. அந்த நிலத்தை விற்க முடியாது. உழுது பயிர் செய்து அனுபவித்துக்கொள்ளலாம்.

அதனால் அங்கே 'முகாம்' என்ற வார்த்தையையே பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. 'குடியிருப்பு' என்கிறார்கள். சுற்றிலும் வேலி கிடையாது. அகதியின் சோளக் காடு முடியும் இடத்தில் ஊர்க்காரரின் மரவள்ளிக் காடு தொடங்குகிறது.

எண்ணிக்கையும் சாதாரணமானதல்ல. உகாண்டாவின் மொத்த மக்கள்தொகை 2024 கணக்கெடுப்பின்படி சுமார் 4.6 கோடி. அங்கே தஞ்சம் புகுந்தவர்களின் எண்ணிக்கை 2025-ல் 18 லட்சத்தைத் தாண்டியது. ஆப்பிரிக்காவிலேயே அதிக அகதிகளை ஏற்றிருக்கும் நாடு அதுதான். தெற்கு சூடானிலிருந்தும் காங்கோவிலிருந்தும் வந்தவர்களே பெரும்பான்மை. சூடான், புருண்டி, சோமாலியா, ருவாண்டாவிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். மொத்தத்தில் பத்தில் எட்டுப் பேர் பெண்களும் குழந்தைகளும்.

நேற்று நாங்கள், இன்று நீங்கள்

உகாண்டாவுக்கு இது பழைய பழக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போலந்திலிருந்து வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. 1950-களின் இறுதியில் ருவாண்டாவிலிருந்து தப்பி வந்தவர்களுக்காகத் தென்மேற்கில் நக்கிவாலே குடியிருப்பு உருவானது. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய அகதிக் குடியிருப்புகளில் ஒன்றான அது இன்றும் இயங்குகிறது.

வடமேற்குப் பகுதியான வெஸ்ட் நைலின் கதை இன்னும் நெருக்கமானது. 1979-ல் சர்வாதிகாரி இடி அமீனின் ஆட்சி கவிழ்ந்தது. அவர் அந்தப் பகுதியோடு தொடர்புடையவர் என்பதால், அங்கிருந்த மக்கள் பழிவாங்கலுக்கு ஆளானார்கள். லட்சக்கணக்கானோர் உயிர் பிழைக்க ஓடினார்கள். எங்கே? எல்லைக்கு அப்பால் அன்றைய தெற்கு சூடான் பகுதிக்கும், இன்றைய காங்கோவுக்கும்தான். பல ஆண்டுகள் அங்கே அகதிகளாக இருந்து, 1980-களின் பிற்பகுதியில் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள்.

2013 டிசம்பரில் தெற்கு சூடானில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 2016 ஜூலையில் தலைநகர் ஜூபாவில் மீண்டும் சண்டை மூண்டது. மக்கள் தெற்கு நோக்கி நடந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடம் இதே வெஸ்ட் நைல். 'அன்று எங்களுக்குச் சோறு போட்டவர்களின் பிள்ளைகள் இன்று நம் வாசலுக்கு வந்திருக்கிறார்கள்' என்ற உணர்வு ஊர்ப் பெரியவர்களிடம் இருந்தது. எல்லைக்கோட்டின் இரு பக்கமும் காக்வா, மாடி போன்ற ஒரே இனக்குழுக்கள் வாழ்வதால் பேச்சு மொழியும் பலருக்குப் பொதுவாக இருந்தது.

யும்பே மாவட்டத்தின் பிடிபிடி 2016 ஆகஸ்ட் வரை புதர்க்காடு. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் குடியேறிவிட்டார்கள். பரப்பளவு சுமார் 250 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பில் பாதிக்கும் மேல்! இனி இடமில்லை என்று அந்த டிசம்பரிலேயே புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

இந்த நிலம் யாருடையது?

இவ்வளவு நிலத்தை அரசு எங்கிருந்து எடுத்தது? இதில்தான் வெஸ்ட் நைலுக்கும் நக்கிவாலேவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

நக்கிவாலே இருக்கும் நிலம் அரசுப் பதிவேட்டில் அகதிக் குடியிருப்புக்காகக் குறிக்கப்பட்டது. வெஸ்ட் நைலில் நிலம் பெரும்பாலும் குலங்களுக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கப்படி குடும்பங்கள் அனுபவிக்கும் நிலம் அது. 1998-ல் வந்த நிலச் சட்டமும் இந்த வழக்கு உரிமையை அங்கீகரிக்கிறது. அதனால் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, அவர்கள் சம்மதித்துக் கொடுத்த நிலத்தில்தான் குடியிருப்புகள் உருவாயின.

பெரியவர்கள் பணம் கேட்கவில்லை. ஆனால் எதிர்பார்ப்பு இருந்தது. பள்ளிக்கூடம் வரும், ஆஸ்பத்திரி வரும், ரோடு வரும், ஆழ்குழாய்க் கிணறு வரும், நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். நாட்டின் பின்தங்கிய பகுதி ஒன்றில் இது நியாயமான ஆசைதான்.

இதை அரசும் புரிந்துகொண்டது. அகதிகளுக்காக வரும் உதவியில் சுமார் 30 சதவிகிதம் ஊர்க்காரர்களுக்கும் பயன்பட வேண்டும் என்ற கொள்கை நடைமுறையில் இருக்கிறது. 100 குடும்பங்களுக்கு விதை கொடுத்தால் 30 குடும்பங்கள் உள்ளூர் விவசாயிகளாக இருக்க வேண்டும். கிணறு தோண்டினால் இரு தரப்புக்கும் எட்டும் இடத்தில் தோண்ட வேண்டும். 'அகதிக்கு மட்டும் எல்லாம் கிடைக்கிறது' என்ற முணுமுணுப்பு பகையாக மாறாமல் இருக்க இந்தப் பங்கீடு முக்கியமானது.

ரேஷன் குறைந்த கதை

ஆரம்பத்தில் குடும்பங்களைக் காப்பாற்றியது உலக உணவுத் திட்டத்தின் ரேஷன். மக்காச்சோளம், பீன்ஸ், எண்ணெய், உப்பு. இவற்றைக் கொண்டு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. சில இடங்களில் பொருளுக்குப் பதில் பணமாகவும் கொடுக்கப்பட்டது.

2020 ஏப்ரலில், கொரோனா பொதுமுடக்கம் வந்த அதே நேரத்தில், நிதிப் பற்றாக்குறையால் ரேஷன் 30 சதவிகிதம் வெட்டப்பட்டது. 2021 பிப்ரவரியில் வெட்டு 40 சதவிகிதம் ஆனது. 2023-ல் குடும்பங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. மிகவும் நலிந்தவர்களுக்கு 60 சதவிகித ரேஷன், அடுத்த நிலையில் இருப்பவர்களுக்கு 30 சதவிகிதம், சமாளித்துக்கொள்வார்கள் என்று கருதப்பட்டவர்களுக்கு எதுவும் இல்லை. 2025-ல் இன்னும் பெரிய அடி விழுந்தது. அந்த ஆண்டு அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை வெட்டியது, மற்ற நாடுகளும் கையைச் சுருக்கிக்கொண்டன. உகாண்டாவில் சுமார் 10 லட்சம் பேருக்கு உணவு உதவி நின்றது.

ரேஷன் குறைந்தால் ஒரு வீட்டில் என்னவெல்லாம் நடக்கும்? முதலில் மூன்று வேளை இரண்டாகும். பிறகு ஒன்றாகும். அடுத்த பருவத்துக்கு எடுத்துவைத்த விதை அடுப்புக்குப் போகும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கூலி வேலைக்குப் போகும். சில ஆண்கள் ஆபத்து என்று தெரிந்தும் எல்லை தாண்டித் திரும்பிப் போய்ப் பயிரிட்டு வருவார்கள். பசி என்பது ஒரே நாளில் வந்து நிற்பதில்லை. ஒவ்வொரு படியாகத்தான் இறங்குகிறது.

அதனால்தான் 22 சென்ட் நிலம் இவ்வளவு முக்கியமாகிறது.

22 சென்ட்டில் எத்தனை நாள் சாப்பிடலாம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 22 சென்ட்டில் வீடு, கழிப்பறை, நடைபாதைக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மீதி சுமார் 15 சென்ட். அதில் முழுக்க மக்காச்சோளம் போட்டு, ஹெக்டேருக்கு 2 டன் விளைந்தால் கிடைப்பது சுமார் 120 கிலோ. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் தலைக்கு 400 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 2 கிலோ தானியம் வேண்டும். ஆக, மொத்த விளைச்சலும் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும்.

அதுவும் மழை பொய்க்காமல், பூச்சி தாக்காமல் இருந்தால்தான். 2016-ல் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த படைப்புழு உகாண்டாவின் மக்காச்சோளத்தையும் விட்டுவைக்கவில்லை. 2018-ல் தமிழ்நாட்டு மக்காச்சோள விவசாயிகளைக் கலங்கடித்த அதே புழுதான்.

இந்தக் கணக்கிலிருந்து விவசாயத் திட்டங்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. சின்ன நிலத்தில் தானியம் போட்டு வயிற்றை நிரப்ப முடியாது. ஆனால் சத்தும் கைக்காசும் தரும் பயிர்களைப் போடலாம்.

கீரைதான் முதல் தேர்வு. விதைத்து மூன்று, நான்கு வாரத்தில் பறிக்கலாம். தண்டுக்கீரை, வெண்டை, கத்தரி, தட்டைப்பயறு எல்லாம் அந்த மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை. தட்டைப்பயறில் இலையைக் கீரையாகச் சமைப்பார்கள், காயைப் பச்சையாகச் சேர்ப்பார்கள், முற்றியதைப் பயறாகச் சேமிப்பார்கள். மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் 'போஷோ' நம் ஊர்க் களி மாதிரி. அதற்குத் தொட்டுக்கொள்ள இந்தக் கீரைக் குழம்பு.

நிலமே இல்லாத இடத்தில் சாக்குத் தோட்டம் கைகொடுக்கிறது. பழைய சாக்கில் மண்ணும் எருவும் நிரப்பி, நடுவில் மட்டும் கற்களை அடுக்கித் தண்ணீர் இறங்க வழி செய்வார்கள். மேல்பக்கத்தில் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் ஓட்டை போட்டு நாற்று நடுவார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரே பாசனம்.

அடுத்தது ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. உள்ளே வெள்ளையாக இருக்கும் வழக்கமான கிழங்கில் வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை. ஆரஞ்சு நிறக் கிழங்கில் நிறைய உண்டு. சுமார் 125 கிராம் எடையுள்ள ஒரு சின்னக் கிழங்கு, சிறு குழந்தையின் ஒரு நாள் வைட்டமின் ஏ தேவைக்குப் போதும். கண் பார்வைக்கும் நோய் எதிர்ப்புக்கும் இது அவசியம். இந்த வகைக் கிழங்கை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பியதற்காக 2016-ல் உலக உணவுப் பரிசு பெற்றவர்களில் ராபர்ட் முவாங்கா உகாண்டாவைச் சேர்ந்த விஞ்ஞானி.

இதில் இன்னொரு வசதி, விதை வாங்க வேண்டாம். கொடியைத் துண்டு துண்டாக வெட்டி நட்டால் போதும். ஒரு வீட்டில் செழித்த கொடி அடுத்த வீட்டுக்குப் போகும். அகதி வீட்டிலிருந்து ஊர்க்காரர் வீட்டுக்கும் போகும். விதைக் கம்பெனியோ, தொண்டு நிறுவனமோ நடுவில் தேவையில்லை.

ஒரே குழுவில் இரண்டு ஊர்

22 சென்ட்டைத் தாண்டிப் பயிர் செய்ய வேண்டுமென்றால் ஊர்க்காரரிடம்தான் நிலம் கேட்க வேண்டும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். சிலர் பணமாகக் குத்தகை கொடுக்கிறார்கள். சிலர் விளைச்சலில் பங்கு கொடுக்கிறார்கள், நம் ஊர் வாரம் மாதிரி. சிலர் நிலக்காரரின் காட்டில் சில நாள் வேலை செய்து அதையே குத்தகையாகக் கழிக்கிறார்கள்.

பிரச்னை என்னவென்றால், பெரும்பாலும் இது வாய்மொழி ஒப்பந்தம். புதர் மண்டிய நிலத்தை வாங்கியவர் வேர் பிடுங்கி, கல் பொறுக்கி, முதல் பருவம் விதைப்பார். நிலம் பண்பட்டது தெரிந்ததும், 'எனக்கே வேண்டும்' என்று நிலக்காரர் திரும்பக் கேட்பார். சில நேரம் அறுவடைக்கு முன்னாலேயே! அகதி யாரிடம் போய் முறையிடுவது?

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழிதான் எழுத்து ஒப்பந்தமும் கூட்டுக் குழுவும். அகதிகளும் உள்ளூர் விவசாயிகளும் கலந்து 25, 30 பேர் ஒரு குழு. நிலக்காரரும் அந்தக் குழுவில் உறுப்பினர். எத்தனை பருவத்துக்கு நிலம், எவ்வளவு குத்தகை, என்ன பயிர் என்பதெல்லாம் உள்ளூர் நிர்வாகம் சாட்சியாக எழுதப்படும். குழுவுக்கு வரும் விதையும் கருவிகளும் நிலக்காரருக்கும் கிடைக்கும். அதனால் ஒப்பந்தத்தை முறிப்பதில் அவருக்கும் நஷ்டம்.

கற்றுக்கொடுக்கும் முறையிலும் மாற்றம் வந்தது. 'விவசாயிகள் வயல்வெளிப் பள்ளி' என்ற முறை 1989-ல் இந்தோனேசியாவின் நெல் வயல்களில், புகையான் தாக்குதலைச் சமாளிக்க ஐ.நா-வின் உணவு மற்றும் விவசாய அமைப்பு தொடங்கியது. வகுப்பறை கிடையாது. வாரம் ஒருமுறை வயலில் கூடுவார்கள். ஒரு பாத்தியில் பழைய முறை, பக்கத்துப் பாத்தியில் புது முறை. எது நன்றாக வந்தது என்று விவசாயிகளே பார்த்து முடிவு செய்வார்கள். வெஸ்ட் நைலில் இந்தப் பள்ளிகள் ஓசையில்லாமல் இன்னொரு வேலையும் செய்கின்றன. வாரம் ஒருமுறை இரு தரப்பும் ஒரே வரப்பில் உட்கார வேண்டியிருக்கிறது. ஒருவரின் பெயரும், அவர் வீட்டுக் கஷ்டமும் மற்றவருக்குத் தெரிய வருகிறது.

விற்பனையிலும் குழுவுக்குப் பலம் உண்டு. அந்தப் பகுதியில் எள் முக்கியமான பணப்பயிர். ஆளுக்கு அரை மூட்டையைத் தலையில் சுமந்து சந்தைக்குப் போனால் வியாபாரி சொல்வதுதான் விலை. 30 பேரின் எள்ளை ஒரே இடத்தில் சேர்த்தால் வியாபாரியே வண்டியோடு வருவார்.

மூன்று பூட்டுப் பெட்டி

விவசாயத்துக்குப் பணம்? வங்கி இங்கே எட்டாக்கனி. இந்த இடத்தை நிரப்புவது கிராம சேமிப்புக் குழுக்கள். நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும்.

1991-ல் நைஜர் நாட்டில் 'கேர்' அமைப்பு தொடங்கிவைத்த இந்த முறை இப்போது ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியிருக்கிறது. 15 முதல் 30 பேர் வரை ஒரு குழு. வாரந்தோறும் பங்குகளாகச் சேமிப்பார்கள். பணம் ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கும். அதற்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம். எல்லோர் முன்னாலும்தான் பெட்டி திறக்கும்.

அந்தப் பணத்திலிருந்து விதை வாங்க, ஆடு வாங்க, சின்னக் கடை போடக் கடன் கொடுப்பார்கள். வட்டி வெளியே போகாது, குழுவுக்கே சேரும். சாவு, நோய் போன்ற அவசரத்துக்குத் தனி நிதி உண்டு. ஓர் ஆண்டு முடிந்ததும் மொத்தத்தையும் பங்குக்கு ஏற்றபடி பிரித்துக்கொண்டு மறுபடியும் தொடங்குவார்கள். பல இடங்களில் பணம் பிரிக்கும் நாளை விதைப்புக் காலத்துக்கு முன்னால் வருவதுபோல வைத்துக்கொள்கிறார்கள். கையில் காசு இருக்கும்போதே விதை வாங்கிவிடலாமே!

ஊருக்கு என்ன லாபம்?

'அகதிகள் வந்தால் விலைவாசி ஏறும், கூலி குறையும்' என்பது எல்லா நாட்டிலும் கேட்கும் புலம்பல். இதைச் சோதித்துப் பார்த்தது 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. உகாண்டாவின் பக்கத்து நாடான ருவாண்டாவில் மூன்று காங்கோ அகதி முகாம்களைச் சுற்றி நடந்தது. பண உதவி பெறும் ஒவ்வொரு அகதியாலும் உள்ளூர்ப் பொருளாதாரத்தின் ஆண்டு வருமானம் 205 முதல் 253 டாலர் வரை கூடியது. அந்த அகதிக்குக் கிடைத்த உதவித் தொகையைவிட இது அதிகம்!

காரணம் எளிமையானது. அகதி அந்தப் பணத்தில் உள்ளூர் விவசாயியிடம்தான் கிழங்கு வாங்குகிறார். உள்ளூர் மில்லில்தான் மாவு அரைக்கிறார். அந்தக் காசு இரண்டு, மூன்று கை மாறுகிறது. இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உதவி நின்றால் அகதி மட்டும் வாங்குவதை நிறுத்துவதில்லை. மில்காரர், காய்க்கடைக்காரர், எள் விற்ற விவசாயி எல்லோரின் வருமானமும் சேர்ந்தே குறைகிறது.

விறகு, தண்ணீர், ஆடு

எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறதா? இல்லை.

இரண்டரை லட்சம் பேர் ஒரே ஆண்டில் குடியேறிய இடத்தில், அத்தனை வீட்டு அடுப்புக்கும் விறகு வேண்டும். மரங்கள் வேகமாகக் குறைந்தன. விறகு பொறுக்கப் போகும் பெண்கள் இன்னும் தூரம் நடக்க வேண்டியதாயிற்று. 'எங்கள் காட்டில் கை வைக்காதே' என்று ஊர்க்காரர்கள் விரட்டுவதும், அடிப்பதும், அதைவிட மோசமான கொடுமைகளும் நடந்தன.

தண்ணீரும் சண்டைக்குக் காரணமாகிறது. 2020 செப்டம்பரில் ரைனோ கேம்ப் குடியிருப்பில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தொடங்கிய தகராறு பெரும் மோதலாகி, அகதிகள் பலர் உயிரிழந்தார்கள். ஆடு, மாடு பயிரை மேய்வது அன்றாடத் தகராறு. அகதியின் 22 சென்ட் கீரைப் பாத்திக்குள் ஒரு ஆடு புகுந்தால் அந்த மாதச் சாப்பாடே போயிற்று.

இதற்குக் கிடைத்த தீர்வுகள் பெரிய தொழில்நுட்பம் அல்ல. விறகைப் பாதியாகக் குறைக்கும் மண் அடுப்பை வீட்டிலேயே கட்டக் கற்றுத்தருகிறார்கள். சீக்கிரம் வளரும் மரங்களை விறகுத் தோப்பாக நடுகிறார்கள். பயிர்க் காலத்தில் ஆடுகளைக் கட்டிப்போட வேண்டும் என்று இரு தரப்புத் தலைவர்களும் உட்கார்ந்து ஊர்க் கட்டுப்பாடு போடுகிறார்கள். எங்கே இந்தப் பேச்சு நடக்கிறதோ அங்கே சண்டை குறைகிறது.

கேள்விகளும் இருக்கின்றன

உகாண்டாவின் கொள்கையை உலகம் பாராட்டுகிறது. பாராட்டிய அளவுக்குப் பணம் வரவில்லை. 2017 ஜூனில் கம்பாலாவில் நடந்த சர்வதேச மாநாட்டில் உகாண்டா 200 கோடி டாலர் கேட்டது. உறுதியளிக்கப்பட்டது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மறுபக்கம், 2018-ல் அகதிகளின் எண்ணிக்கையைக் கைரேகை, கருவிழிப் பதிவோடு சரிபார்த்தபோது சுமார் 14 லட்சம் என்றிருந்த கணக்கு 11 லட்சமாகக் குறைந்தது. நிர்வாகத்தின் மீது நன்கொடை நாடுகளுக்கு ஏற்பட்ட சந்தேகம் லேசில் தீரவில்லை.

இன்னும் அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. 'தன் காலில் நிற்பது' என்பதுதான் 1999-லிருந்தே உகாண்டாவின் கொள்கை. நல்ல வார்த்தைதான். ஆனால் கல்லும் சரளையுமான 22 சென்ட்டைக் கொடுத்துவிட்டு, 'உனக்குத்தான் நிலம் இருக்கிறதே' என்று ரேஷனை நிறுத்தினால், அது தன் காலில் நிற்க வைப்பதா, கைவிடுவதா? ஆய்வாளர்கள் பலர் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஆள் வர வர நிலம் சுருங்குகிறது. முன்பு வந்தவர்களுக்குக் கிடைத்த அளவு பின்னால் வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. உழ முடியாத முதியவருக்கும், கைக்குழந்தையோடு தனியாக வந்த பெண்ணுக்கும் நிலம் மட்டும் இருந்து என்ன பயன்?

பக்கத்து நாடான கென்யாவும் இந்தப் பாதையில் வர முயல்கிறது. வறண்ட துர்கானா பகுதியில் ககுமா முகாம் 1992-லிருந்து இருக்கிறது. அதன் அருகே, அகதிகளும் உள்ளூர் மக்களும் சேர்ந்து வாழ்வதற்கென்றே 2016-ல் கலோபெயெய் குடியிருப்பு திறக்கப்பட்டது. அங்கே உள்ளூர் மக்கள் கால்நடை மேய்ப்பவர்கள், மழை மிகக் குறைவு. வெஸ்ட் நைலில் எடுபடும் வழி அங்கே அப்படியே எடுபடாது. மழைநீரைக் குட்டைகளில் தேக்கி வீட்டுத் தோட்டம் போடுவதே அங்கே பெரிய சாதனை.

இப்போது என்ன தேவை?

வெஸ்ட் நைலில் விதைப்பு பெரும்பாலும் ஏப்ரல் மழையோடு தொடங்குகிறது. அங்கே விவசாயம் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்லும் விஷயம் ஒன்றுதான்: விதை மழைக்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். மார்ச்சில் கிடைக்கும் ஒரு கிலோ விதை ஒரு குடும்பத்தின் பல மாதச் சாப்பாடு. அதே விதை ஜூனில் வந்தால் பாதி விளைச்சல்கூட நிச்சயமில்லை. ஆனால் உதவிப் பணம் வெளிநாட்டு பட்ஜெட் தேதிகளைப் பார்த்துத்தான் வருகிறது.

ரேஷன் நின்றுபோன வீடுகளில் இப்போது அந்தத் தேதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எழுதிவைத்த குத்தகை ஒப்பந்தம், மூன்று பூட்டுப் பெட்டியில் கொஞ்சம் சேமிப்பு, பக்கத்து வீட்டிலிருந்து வெட்டி வந்த சர்க்கரைவள்ளிக் கொடி. இவை கையில் இருக்கும் குடும்பம், வெளியிலிருந்து விதை வரத் தாமதமானாலும் முதல் மழைக்கு மண்ணில் எதையாவது ஊன்றிவிடும். இல்லாத குடும்பம் காத்திருக்கும். மழை காத்திருக்காது.